பெயருக்கு முன் சுட்டு

அவள் இரண்டாம் கோப்பைக் காப்பியையும் ஆறவிட்டாள்.
கயானியில் காலை ஆறு மணி என்பது
ஜனவரியில் ஒரு பேச்சுக்குத்தான்;
வெளியே இருட்டு, மைனஸ் முப்பத்தொன்று.
பழைய காகித ஆலையின் கூழ்க்கிடங்கில்
இப்போது சர்வர்கள் இரைகின்றன,
அவற்றின் சூடு குழாய் வழியே
ஊரின் ரேடியேட்டர்களுக்குப் போகிறது.
நூற்றுப் பதினேழாம் வரியை முறைக்கிறாள்
ஹெல்கா மொய்லானென்.

அந்த வரியில் ஒரு முகவரி.
நான்கு எண்கள், மூன்று புள்ளிகள், கையால் அடித்தது.
அடித்தவன் ஓஸ்மோ,
இலையுதிர் காலத்தில் ஒவுலுவுக்கு வேலை மாறிப் போனவன்.
'இது மாறாது' என்று பக்கத்திலேயே குறிப்பு வேறு.
புதன்கிழமை மாறிவிட்டது.
பனி அள்ளும் வண்டிகள் பதினான்கும்
வரைபடத்திலிருந்து காணாமல் போயின;
ஓட்டுநர்கள் ரேடியோவில் கூவிக் கூவி
ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள்.

எண்களை அழிக்கிறாள்.
அந்த இடத்தில் எழுதுகிறாள்:
தரவுதளம் என்று ஒன்று பிறக்கும்,
பிறந்ததும் அதனிடமே முகவரியைக் கேள்.

இதற்கெனப் புதிதாய் எதையும் கட்ட வேண்டாம்.
வார்ப்புருவின் கூடவே பிறந்த வினைகள் சில:
கேள். கோத்துக் கொடு.
இந்தச் சொல்லை எடுத்துவிட்டு அந்தச் சொல்லை வை.
பட்டியலை உடைக்க ஒன்று உண்டு,
அதை அவள் தொட்டதே இல்லை.
எல்லாம் ஏவல் வினைகள்,
மரியாதை விகுதி கிடையாது.

பிள்ளை பிறக்குமுன் பெயர் வைப்பவரைக் கேலி செய்வோம்.
இங்கே அதுதான் வேலை.
பெயர் முதலில், அதைச் சுட்டும் சொல் பிறகு
என்பது பேச்சுக்கான முறை.
செய்யுளுக்கு மட்டும் நம் இலக்கணத்தில் ஒரு சலுகை:
சுட்டு முந்தலாம்,
'அவள்' முதலடியிலேயே வந்து உட்கார
ஆள் பத்தாம் அடியில் வந்து சேரலாம்.
ஹெல்காவுக்கு இது தெரியாது.
தான் எழுதுவது செய்யுள் என்றும் தெரியாது,
இரண்டு இடைவெளி தள்ள வேண்டிய இடத்தில்
மூன்று தள்ளினால் முகத்தில் துப்பும் செய்யுள்.

ஓட்டுகிறாள்.
சிவப்பு.
வட்டம் என்கிறது கருவி.
செயலி பிறக்கத் தரவுதளத்தின் முகவரி வேண்டும்.
தரவுதளம் பிறக்க,
யாருக்குக் கதவு திறப்பது என்று தெரிய வேண்டும்,
அது செயலியின் முகவரி.
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்,
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்.
ஃபின்னிஷில் இதற்கு என்ன சொலவடையோ,
ஹெல்கா சொன்னது ஒற்றைச் சொல்,
அச்சில் ஏறாது.

போன் அதிர்கிறது. ஓஸ்மோ.
வேலை விஷயம் இல்லை, படகு விஷயம்.
ஏரிக்கரைக் கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கிறது,
பாதி அவனுடையது.
நீ சாவியைக் கொடு, பணம் போடுகிறேன்.
நீ பணம் போடு, சாவி தருகிறேன்.
நவம்பரிலிருந்து
இவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.
போனைப் படகு போலவே கவிழ்த்து வைக்கிறாள்.

பிறகு கதவைப் பிய்த்து வெளியே எடுக்கிறாள்.
தரவுதளம் முதலில் பிறக்கட்டும், யாருக்கும் திறக்காமல்.
செயலி அதனிடம் கேட்டுப் பிறக்கட்டும்.
கதவு தனிப் பிறவி,
இருவரையும் கேட்டுக்கொண்டு கடைசியாக வரும்.
காத்திரு என்று அதற்குச் சொல்ல வேண்டியதில்லை;
ஒன்றைக் கேட்டாலே
காத்திருக்கிறோம் என்று கருவிக்குத் தெரியும்.

ஆறு நாற்பத்தேழுக்குப் பச்சை.
பால்தமோ சாலையில் ஒரு புள்ளி.
அப்புறம் மூன்று.
அப்புறம் அவள் எண்ணவில்லை.

கொட்டகைக்காரர் தவெத்திக்குச் செய்தி அடிக்கிறாள்:
சாவி உங்களிடம் இருக்கட்டும்.
பணம் உங்களிடம் வரும், வந்ததும் கொடுத்துவிடுங்கள்.
வராவிட்டால் என்று தொடங்கி
அதை மட்டும் அழித்துவிட்டு அனுப்புகிறாள்.

கையால் அடித்தது இன்னும் ஒன்று
பன்னிரண்டாம் வரியில் கிடக்கிறது,
ஓஸ்மோ வைத்த கடவுச்சொல்.
படகின் பதிவு எண்.
அதைப் பார்க்காமலே அவளுக்குச் சொல்லத் தெரியும்.
யாருக்கும் தெரியாத சொல்லைத் தானே உண்டாக்கி
ஒளித்துவைக்கவும் வழி இருக்கிறது, ஒரே வரி.
திங்கட்கிழமை மாற்றுவாள்.